தொட்டியில் என்ன தண்ணீர் என்று யாரைக் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சியில் 2020 ஜனவரி 6 முதல் 2025 ஜனவரி 5 வரை வார்டு உறுப்பினராக இருந்தவள். எந்த ஊராட்சி, எந்த ஒன்றியம் என்று எழுதவில்லை. எழுதினால் கடைசியில் தொட்டி ஆபரேட்டர் தலையில்தான் விடியும். அவர் பாவம், சம்பளமே மாதா மாதம் ஒழுங்காக வராத ஆள்.

தேர்தல் நடக்காததால் ஊராட்சிகளைக் கவனிக்கப் போட்டிருக்கிற தனி அலுவலர்களின் காலத்தை நீட்டித்த செய்தியைத் தங்கள் நாளிதழில் உள்பக்கத்தில் பார்த்தேன். பத்து வரிகூட இல்லை. பக்கத்திலேயே தக்காளி விலைச் செய்தி படத்தோடு பெரிதாக இருந்தது. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விழுந்தால் எங்கள் பக்கம் பாதிக் குடும்பம் கடனில் விழும். ஆனால் அந்தப் பத்து வரிச் செய்தி எங்கள் வீட்டுக் குடத்துக்குள் எப்படி வந்து சேர்கிறது என்பதையும் யாராவது எழுத வேண்டும் அல்லவா? அதுதான் உட்கார்ந்தேன்.

எங்கள் ஊரில் இரண்டு தண்ணீர் உண்டு. ஒகேனக்கல்லிலிருந்து வருவதை ஆத்துத் தண்ணி என்போம். போரிலிருந்து, அதாவது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து, ஏறுவது உப்புத் தண்ணி. மேல்நிலைத் தொட்டி ஒன்றே ஒன்று, முப்பதாயிரம் லிட்டர். அதற்கு இரண்டு குழாய்கள் ஏறுகின்றன, இரண்டுக்கும் தனித்தனி வால்வு. ஆபரேட்டர் எதைத் திறக்கிறாரோ அதுதான் அன்றைக்கு ஊர் குடிக்கிற தண்ணீர். இரண்டையும் திறந்தால் கலவை.

வெறும் உப்பு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்துப் பாறையில் புளோரைடு இருக்கிறது, அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுப்பது. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்கள் போரில் அதைப்போல் இரண்டு மடங்கு. ஒருமுறை கூட்டத்துக்கு வந்த ஒருவர், "கொதிக்க வெச்சுக் குடிங்கம்மா" என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனார். கொதித்தால் தண்ணீர்தான் ஆவியாகிப் போகும், புளோரைடு பாத்திரத்திலேயே நிற்கும், முன்னைவிடக் கெட்டியாக. அதற்கு ருசியும் இல்லை, வாசனையும் இல்லை. கூட வருகிற உப்பை வைத்துத்தான் நாங்கள் கண்டுபிடிப்போம். துவரம்பருப்பு எத்தனை நேரம் வைத்தாலும் பருப்பாகவே நிற்கும். டீயின் மேல் ஆடை மாதிரி ஒன்று மிதக்கும். சோப்பு நுரைக்காது. குடத்தின் கழுத்தில் வெள்ளையாகப் படியும்.

என் வீட்டிலேயே இதற்குக் கணக்கு இருக்கிறது. மகள் பிறந்தது 2001. மகன் பிறந்தது 2012. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத் திறந்தது 2013 மே மாதம். எங்கள் ஊர்க் குழாய்க்கு வர அதற்கப்புறமும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பால் பல் விழுந்து மகனுக்கு மறுபல் முளைத்தபோது தினமும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். வெள்ளை. மகளுக்கு முன்பல் நான்கிலும் பழுப்புக் கோடு. அது சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறது, இப்போதும் போகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் போட்டோவைப் பார்த்துவிட்டு "ஒரு தடவ சிரிச்ச மாதிரி எடுத்து அனுப்புங்க" என்று கேட்ட கதையெல்லாம் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. என் ஓரகத்திக்கு என்னைவிட இரண்டு வயது கம்மி. சம்மணம் போட்டு உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆகிறது. பந்தியில் அவளுக்கு மட்டும் ஸ்டூல் போடுவோம்.

அந்தத் திட்டத்துக்கு 1,928 கோடி ரூபாய், ஜப்பான் கடன். 2008-ல் அடிக்கல் நாட்டியபோது கர்நாடகத்தில் என்ன கூச்சல் போட்டார்கள் என்பது தங்களுக்கே தெரியும். அதையெல்லாம் தாண்டி, காவிரித் தண்ணீரைச் சுத்தம் செய்து, மேடு ஏற்றி, இரண்டு மாவட்டத்துக்குக் குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். நான் எந்தக் கட்சியும் இல்லை. யார் தொடங்கினார்கள், யார் முடித்தார்கள் என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும், கொண்டுவந்தவர்களுக்கு என் மகன் பல் சாட்சி. ஆனால் அத்தனை கோடியும் கடைசியில் வந்து நிற்பது எங்கள் தொட்டிக்கு அடியில் இருக்கிற நாலு அங்குல வால்வில். அதை யார் திறக்கச் சொல்வது, யார் மூடச் சொல்வது என்பதுதான் விஷயம்.

2019 டிசம்பர் தேர்தலில் நான் ஐம்பத்து மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். பெண்களுக்கான வார்டு. முதல் ஒரு வருடம் என் வீட்டுக்காரரைத்தான் எல்லோரும் "மெம்பர்" என்று கூப்பிட்டார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார். அதற்குள் கொரோனா வந்து கிராம சபையே கூடவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அந்த ஒன்றரை வருடம் நான் எதையும் பிடுங்கவில்லை. கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்.

2021-ல் ஒருநாள் மத்தியானம் எங்கள் தெருவில் ஒரு பெண் வேகாத பருப்பைப் பாத்திரத்தோடு கொண்டுவந்து என் வாசலில் கவிழ்த்தாள். "ஓட்டுப் போட்டமில்ல, இத நீ தின்னு" என்றாள். கோலத்தின் மேலேயே கொட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்கும் வந்துவிட்டது. அன்று சாயந்திரம் முதல்முறையாகத் தனியாகத் தொட்டிக்குப் போனேன். ஆத்துத் தண்ணீர் வராத நாளில் போர் வால்வைத் திறந்துவிடுவது வழக்கமாம், ஊர் கேட்டுக்கொண்டு இருக்கக் கூடாதே என்று. வந்த பிறகும் மூட மறந்துபோகுமாம்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்பது வார்டு உறுப்பினர்களில் ஐந்து பேர் பெண்கள். தலைவரிடம் பேசி, 2022-ல் தீர்மானம் போட்டோம். தொட்டிக்கு ஏறும் போர்க் குழாயை டம்மி மூடி போட்டு அடைத்துவிடுவது, போர்த் தண்ணீரைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் இருக்கிற மினி பவர் பம்ப் தொட்டிக்கு மட்டும் ஏற்றுவது, அதில் சிவப்பு எழுத்தில் "குடிப்பதற்கு அல்ல" என்று எழுதுவது. மாட்டுக்கும் துணி துவைக்கவும் அது போதும். ஆத்துத் தண்ணீர் குறைந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள், வீட்டுக்கு ஏழு குடம். இந்த ஏழு குடத்துக்கு நான் வாங்கிய திட்டு கொஞ்சம் இல்லை. தெருவிளக்கு விஷயத்தில் நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது படித்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

தண்ணீரைச் சோதித்துப் பார்க்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், நானும் ஒருத்தி. சின்னப் பெட்டி, அதற்குள் குட்டிக் குட்டி மருந்து பாட்டில்கள். குழாய்த் தண்ணீரைச் சீசாவில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் ரோஜா நிறம் வரும். புளோரைடு கூடக் கூட அந்த ரோஜா வெளுத்து மஞ்சள் பக்கம் போகும். கூட இருக்கிற அட்டையில் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆத்துத் தண்ணீரையும் போர்த் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டியபோது, "இது ஃபெயில், இது பாஸ்" என்று கத்தினார்கள்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் காலம் முடிந்தது. முடியத்தான் வேண்டும், அதில் வருத்தம் இல்லை. எங்கள் இடத்துக்கு வேறு ஒன்பது பேர் வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர் வந்தார்.

பிப்ரவரியில் மினி பவர் பம்ப் மோட்டாரின் காயில் (உள்ளே சுற்றியிருக்கிற கம்பி) போய்விட்டது. முன்பு இப்படிப் போனால் தலைவர் மெக்கானிக்குக்கு ஒரு போன் போடுவார், இரண்டு நாளில் காயில் கட்டி மாட்டிவிடுவார்கள். பில்லுக்குத் தலைவரும் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு பேரும் உள்ளூர். இப்போது மதிப்பீடு போட வேண்டும், அலுவலகத்துக்குப் போக வேண்டும், ஒப்புதல் வர வேண்டும். ஏப்ரலில் நான்கு நாள் ஆத்துத் தண்ணீர் வரவில்லை. ஐந்தாம் நாள் காலையில் குழாயில் நன்றாகத் தண்ணீர் வந்தது. பருப்பு வேகவில்லை. போய்ப் பார்த்தால் நாங்கள் போட்ட டம்மியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். தீர்மானம் இல்லை, எழுத்தில் உத்தரவு இல்லை.

"யார் கழட்டச் சொன்னது?"

"மேல சொன்னாங்கக்கா."

"மேலன்னா எந்த மேல?"

ஆபரேட்டர் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். கிண்டலுக்குப் பார்க்கவில்லை, அவருக்கும் தெரியாது. ஊராட்சி செயலரைக் கேட்டேன், அலுவலரைக் கேளுங்கள் என்றார். அலுவலரைப் பார்க்க இரண்டு தடவை போனேன், ஒரு தடவை மீட்டிங், ஒரு தடவை கலெக்டர் ஆபீஸ். மூன்றாவது தடவை பார்த்தேன். நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். நான் பேசிய பத்து நிமிடத்துக்குள் அவர் போன் ஏழு தடவை அடித்தது. அவரைக் குறை சொல்லி என்ன? தர்மபுரி மாவட்டத்தில் 251 ஊராட்சிகள், 10 ஒன்றியங்கள். தனி அலுவலராக இருக்கிற வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் சராசரியாக இருபத்தைந்து ஊருக்குத் தலைவர், துணைத் தலைவர், உறுப்பினர் எல்லாமே. அதோடு அவருடைய சொந்த வேலையும் இருக்கிறது. எங்கள் ஊர்த் தொட்டிக்கு எத்தனை குழாய் ஏறுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை, சட்டமன்றத்தின் கதையும்கூட. உறுப்பினர் பயிற்சியில் கொடுத்த புத்தகத்தில் அரசியலமைப்பின் 243-இ பிரிவை அச்சடித்திருந்தார்கள். ஊராட்சியின் காலம் ஐந்து ஆண்டு, அதற்கு மேல் இல்லை, அந்தக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு வரை படித்த எனக்கே புரிகிற வாக்கியம். ஆனால் 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல், பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியாக இல்லை என்ற வழக்கில் அறிவிப்பு ரத்தாகி நின்றது. சரி, திருத்திவிட்டு நடத்தியிருக்கலாம். ஆறு ஆறு மாதமாகத் தனி அலுவலர்களை நீட்டித்து நீட்டித்து 2019 டிசம்பரில்தான் ஓட்டுப் போட்டோம், அதுவும் 27 மாவட்டத்தில் மட்டும். அன்றைக்கு அதிமுக ஆட்சி. 2025-ல் திமுக ஆட்சி. ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கிறோம், வார்டு மறுவரையறை செய்கிறோம் என்று காரணம் மட்டும் மாறியது. 2025 ஜனவரியில் தனி அலுவலர்களை நியமிக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். ஜூலைக்குள் முடியும் என்றார்கள், ஜூலையும் போய்விட்டது.

மறுவரையறை தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் காலம் 2025 ஜனவரியில் முடியும் என்பது 2020 ஜனவரியிலேயே எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு நாள் குறித்து ஐந்து வருடம் கழித்துப் பந்தல்காரரைத் தேடுவார்களா?

என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் ஊத்தங்கரையைத் தாண்டித் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டம் உட்பட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில் தனியாகத் தேர்தல் நடந்ததால் அங்கே 2025-லும் தலைவர் இருந்தார், உறுப்பினர் இருந்தார். அக்காள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் யார் வாசலுக்குப் போக வேண்டும் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. ஒரே தாலுகா எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம் மாதிரி இருந்தது.

காசு விஷயமும் உண்டு. மத்திய நிதிக்குழு மானியம் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளுக்குத்தான் என்பது நிபந்தனை. போன முறை தேர்தல் நடக்காத வருடங்களில் தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு அந்தப் பணம் நின்றதை அன்றைக்குத் தங்கள் நாளிதழிலேயே படித்தேன். 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஒதுக்கியது. அதாவது தேர்தல் தள்ளிப்போனால் முதலில் காய்வது குழாய்தான். காயில் கட்டக் காசில்லை என்று செயலர் சொல்லும்போது அவரிடம் கோபப்பட முடியவில்லை.

இந்தச் சட்டமன்றம் நல்ல சட்டமே போடவில்லை என்றும் சொல்லக் கூடாது. பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016-ல் திருத்தியதால்தான் நான் உள்ளே போனேன். 2025 ஏப்ரலில் உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க ஒரு சட்டம் வந்தது. எங்கள் தெருவில் ஊன்றுகோலோடு நடக்கிற ஒரு தம்பி இருக்கிறான், பி.காம் படித்தவன். அன்று ராத்திரியே செல்லில் செய்தியைக் காட்டி, "அக்கா, நம்ம ஊராட்சிக்கும் ஒருத்தராம்" என்றான். நகராட்சி, பேரூராட்சிகளுக்கு விண்ணப்பம் வாங்கியபோது நமக்கு எப்போது என்று கேட்டான். உறுப்பினர்களே இல்லாத மன்றத்தில் அவனை எங்கே உட்கார வைப்பது? பெண்களின் 50 சதவீதமும் அப்படித்தான். ஒன்பதில் ஐந்து என்று இருந்தது, இன்றைக்கு எங்கள் ஊராட்சியில் முடிவு எடுக்கிற இடத்தில் ஊர்ப் பெண் ஒருத்திகூட இல்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போனேன். தனி அலுவலருக்கு அத்தனை ஊரில் அன்றைக்கு ஒரே நேரத்தில் சபை, எங்களுக்கு அவர் சார்பில் ஒரு பற்றாளரை அனுப்பியிருந்தார்கள். இளம் வயதுப் பையன், வேறு துறை. நூறு நாள் வேலைக்காரர்களை வரச் சொல்லிக் கையெழுத்து வாங்கி எண்ணிக்கையைச் சரிசெய்தார்கள். 2022 தீர்மானத்தை மறுபடியும் உறுதிசெய்து, டம்மியைத் திரும்ப மாட்டச் சொல்லித் தீர்மானம் எழுதுங்கள் என்று கேட்டேன். "மேடம், இது அஜெண்டாவுல இல்ல, மனுவா கொடுங்க" என்றார். மனு கொடுத்திருக்கிறேன் என்றேன். மனு வாங்கும் முகாமில் கொடுத்த மனுவுக்கு செல்லுக்கு எண் வந்திருந்தது, காட்டினேன். அப்படியானால் சரி, பதில் வரும் என்றார். கூட்டம் முடிந்து மிட்டாய் கொடுத்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்கிறார், "மெம்பர் இருந்தப்ப மட்டும் தேனும் பாலுமா ஓடுச்சா?" இல்லை ஐயா, ஓடவில்லை. எத்தனையோ ஊராட்சியில் தலைவர் சுரண்டியதும் உண்டு, உறுப்பினர் தூங்கியதும் உண்டு. ஆனால் பருப்பு வேகாவிட்டால் கொண்டுபோய்க் கொட்ட ஒரு வாசல் இருந்தது. இப்போது அந்தப் பெண் யார் வாசலில் கொட்டுவாள்? அவள் இப்போதும் என் வாசலுக்குத்தான் வருகிறாள், கொட்டுவதில்லை. "உனக்குத்தான் ஒண்ணும் இல்லியே இப்ப" என்று பரிதாபமாகப் பார்க்கிறாள். அதற்கு அவள் கொட்டியிருக்கலாம்.

எங்கள் மாவட்டத்துக்குப் பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என்று ஐந்து சட்டமன்றத் தொகுதிகள். ஐந்து உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தனி அலுவலர் காலத்தை இன்னொரு முறை நீட்டிக்க மசோதா வந்தால், எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உள்ளாட்சித் தேர்தல் எந்தத் தேதிக்கு? "விரைவில்" என்று பதில் வந்தால் திரும்பவும் கேளுங்கள். உங்கள் காலமும் ஐந்து ஆண்டுதான். அது முடிகிறபோது, மறுவரையறை முடியவில்லை, ஆறு மாதம் கழித்து நடத்தலாம், அதுவரை ஐந்து தொகுதிக்கும் சேர்த்து ஒரு அலுவலர் பார்த்துக்கொள்வார் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா?

தேர்தல் வரும்வரை செய்யக்கூடியதும் உண்டு. போர்த் தண்ணீரைக் குடிநீர்த் தொட்டியில் கலக்க வேண்டியிருந்தால் எழுத்தில் உத்தரவு போட்டு, அன்றைக்கே ஊராட்சி அலுவலகத்துப் பலகையில் ஒட்டச் சொல்லி மாவட்ட நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். கலந்த நாள் எது என்று தெரிந்தால் குடிக்கிற தண்ணீருக்காவது வேறு வழி பார்ப்போம். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், ஒரு வெள்ளைத்தாள் போதும்.

சோதனைப் பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. புதிய உறுப்பினர்களிடம் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன். புளோரைடு பாட்டிலில் மருந்து தீர்ந்துவிட்டது. புது பாட்டில் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் வார்டு உறுப்பினர்,
தர்மபுரி மாவட்டம்.

(பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன், தங்கள் பார்வைக்கு மட்டும்.)